திருநாமத்தை வீணாய்ச் சுமப்பவர் யார்?



பத்துக் கற்பனைகளில் இரண்டாவது கற்பனையை நம்மில் அநேகர் சுலபமாய்த் தாண்டிப் போகிறோம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, "ஆணையிட்டேன், சுவாமி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். களவும் கொலையும் பெரிய பாவம் என்பது எல்லாருக்கும் தெரியும். வாயினாலே சொல்லப்பட்டுக் காற்றோடே போகும் ஒரு பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் சர்வேசுரன் மோயீசனுக்குக் கொடுத்த கற்பலகையில் இந்தக் கற்பனை கொலைக்கும் களவுக்கும் முன்னாலே நிற்கிறது. தமது திருநாமத்தை வீணாக்குகிறவனைக் குற்றமற்றவனாக எண்ணமாட்டார் என்ற எச்சரிப்பும் இதனோடு சேர்ந்து வருகிறது. ஆகையால் இந்த வாரம் இதைச் சற்று நிதானமாய்ப் படிப்போம்.

நாமம் என்பது என்ன?

நமது ஊரில் ஒருவனுக்குக் கடன் கொடுக்கும்போது முதலில் எதைப் பார்க்கிறார்கள்? அவன் இன்னாருடைய மகன், இன்ன வீட்டுப் பிள்ளை என்று பார்க்கிறார்கள். தகப்பனுடைய பெயரை நம்பி மகனுக்குக் கடன் கிடைக்கிறது. மகன் ஏமாற்றிவிட்டால், "அப்பன் பெயரைக் கெடுத்தான்" என்கிறோம். பெயரை உச்சரித்ததனாலா கெடுத்தான்? இல்லை. அந்தப் பெயரைத் தன்மேல் வைத்துக்கொண்டு அதற்குத் தகாத காரியம் செய்ததனாலே கெடுத்தான்.

யாத்திராகமத்தின் எபிரேய மூலத்தில் இந்தக் கற்பனைக்கு வழங்கியிருக்கும் வினைச்சொல் கவனிக்கத்தக்கது. தூக்குதல், ஏந்துதல், சுமத்தல் என்று அதற்குப் பொருள். வாயில் எடுப்பதும் அதில் அடங்கும். தோளில் சுமப்பதும் அடங்கும். ஆகவே திருநாமத்தை வீணாய்ச் சொல்லாதே என்பதோடு, அதை வீணாய்ச் சுமக்காதே என்றும் சர்வேசுரன் கற்பிக்கிறார் என்று கொள்ளலாம். வாயைக் காத்துக்கொண்டால் பாதிக் கற்பனைதான் நிறைவேறும். மறுபாதி நடத்தையில் இருக்கிறது.

எழுத்துக்களில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று எண்ணுவதும் தவறு. நமது முன்னோர் சர்வேசுரனைப் பல பெயர்களால் அழைத்திருக்கிறார்கள். 1578-ம் ஆண்டு கொல்லத்தில் அச்சான அன்றீக்கு அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" என்ற தமிழ் நூல் தம்பிரான் என்றது. 1606-ம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமிகளும் அவர் வழி வந்தவர்களும் சர்வேசுரன் என்ற சொல்லை நமது வீடுகளில் பழக்கிவிட்டார்கள். 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் கடவுள், ஆண்டவர் என்று வாசிக்கிறோம். சொல் மாறினாலும் அழைக்கப்படுகிறவர் ஒருவரே.

சொல் எதுவானாலும் வணக்கம் குறையலாகாது. எபிரேய மொழியில் நான்கு எழுத்துக்களால் எழுதப்படும் அந்தத் திருநாமத்தை யூதர்கள் பயபக்தியினாலே வாய்விட்டு உச்சரிக்காமல், ஆண்டவர் என்றே வாசித்து வந்தார்கள். திருச்சபையும் அவ்வழக்கத்தைக் காத்தது. வழிபாட்டிலே, பாட்டிலும் செபத்திலும் அந்த நாமத்தை உச்சரிக்கலாகாது என்று 2008-ம் ஆண்டு உரோமாபுரியிலிருந்து மேற்றிராணியார்களுக்குக் கடிதம் வந்தது. நமது பாடகர் குழுவினர் இதை நினைவில் வைப்பது நல்லது.

நாவினால் வரும் குற்றங்கள்

ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலாவது, வீண் பேச்சு. கால் தடுக்கும்போது "சேசு மரி சூசை" என்று சொல்வது பாவமா என்று சிலர் கேட்கிறார்கள். உதவி கேட்கும் மனதோடு சொன்னால் அது செபமே. நமது பாட்டிமார் நமக்குத் தந்த நல்ல பழக்கமும் ஆகும். ஆனால் அதே பெயர்களைச் சிரிப்புக்கும் கேலிக்கும் எரிச்சலுக்கும் எடுத்தால் அது அவமரியாதை. வித்தியாசம் சொல்லில் இல்லை. சொல்லுகிற மனதில் இருக்கிறது.

இந்தக் காலத்தில் கைப்பேசியில் வரும் செய்திகளையும் இங்கே சேர்க்க வேண்டும். "இந்த மாதா படத்தைப் பத்து பேருக்கு அனுப்பு, நாளைக்குள் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெடுதி வரும்" என்று வருகிறதல்லவா? முன்பு இதே காரியம் தபாலட்டையில் வந்தது. சர்வேசுரனுடைய பெயரைச் சொல்லி எளியவர்களைப் பயமுறுத்தும் இப்படிப்பட்ட செய்திகளை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பாததனால் ஒரு கேடும் வராது.

இரண்டாவது, சாபம். சண்டையில் தோற்றவர்கள் மண்ணை வாரித் தூற்றி, "ஆண்டவர் உன் குடும்பத்தைக் கேட்பார், நீ விளங்கமாட்டாய்" என்று சபிப்பது நமது தெருக்களில் புதிதல்ல. அநியாயம் செய்யப்பட்டவர் சர்வேசுரனிடம் முறையிடலாம். சங்கீதங்களில் அப்படிப்பட்ட அழுகுரல் நிறைய உண்டு. ஆனால் நமது பகைக்கு அவரை அடியாளாகக் கூப்பிடுவது வேறு. நாம் சபிக்கிற அந்த மனிதனுக்காகவும் சிலுவையில் மரித்தவருடைய பெயரல்லவா அது?

மூன்றாவது, தேவதூஷணம். சர்வேசுரனையும் அர்ச்சியசிஷ்டவர்களையும் பகைத்து இழித்துப் பேசுவது அது. துக்கத்தில், "சாமிக்குக் கண் இல்லையா?" என்று அலறும் தாயை இதில் சேர்த்துவிடாதீர்கள். யோபுவும் அப்படிப் புலம்பினார். அவரைச் சர்வேசுரன் தள்ளிவிடவில்லை. அவளோடு உட்கார்ந்து அழுவதே நமது கடமை.

நான்காவது, நேர்ச்சை. பிள்ளைக்குச் சுகம் கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று மாதாவின் முன்னிலையில் வாக்குக் கொடுக்கிறோம். சுகம் கிடைத்தபின் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. நேர்ச்சை என்பது யோசித்து, மனமார, சர்வேசுரனுக்குக் கொடுக்கும் வாக்கு. அதைச் செலுத்த வேண்டும். செலுத்தக்கூடாதபடி வயதோ நோயோ தடுத்தால் பயந்துகொண்டிருக்க வேண்டாம். பங்குச் சுவாமியாரிடம் சொல்லுங்கள். பிறருடைய உரிமைக்குக் கேடு வராதபோது, நியாயமான காரணத்துக்காக அந்த வாக்கிலிருந்து விடுவிக்கவோ, அதை வேறு நற்செயலாக மாற்றவோ திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது.

ஆணையிடுதல்

ஐந்தாவது ஆணை. இதைப்பற்றி விரிவாய்ச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சேசுநாதர் சுவாமி, ஆணையிடவே வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் போதித்தாரே, அப்படியானால் கோர்ட்டில் சத்தியம் செய்யலாமா?

பதில்: செய்யலாம். கிறிஸ்தவனுடைய சாதாரணப் பேச்சே சத்தியமாய் இருக்க வேண்டும், ஆணை தேவைப்படக்கூடாது என்பதே சுவாமியின் போதனை. ஆனாலும் நியாயமான பெரிய காரணத்துக்கு ஆணையிடலாம் என்று திருச்சபை எப்போதும் படிப்பித்து வந்திருக்கிறது. அர்ச். சின்னப்பரும் தமது நிருபங்களில் சர்வேசுரனைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார். எரேமியாஸ் தீர்க்கதரிசி காட்டிய மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: சொல்வது உண்மையாய் இருக்க வேண்டும்; யோசனையோடு, தேவைக்குச் சொல்ல வேண்டும்; காரியம் நீதியாய் இருக்க வேண்டும். ஆணையிட மனச்சாட்சி இடம்கொடாதவர்களுக்கும் நமது நாட்டில் வழியுண்டு. 1969-ம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டப்படி கடவுள் பெயரால் ஆணையிடலாம். அல்லது மனப்பூர்வமாய் உறுதிமொழி கூறலாம்.

கேள்வி: உறவினருடைய நிலத் தகராறு. அவருக்குச் சாட்சி சொல்லப் போகிறேன். எனக்கு நேரில் தெரியாது. வக்கீல் சொல்லச் சொன்னபடி சொன்னால் போதுமல்லவா?

பதில்: போதாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்வது பொய். அதைக் கடவுள் பெயரால் சொல்வது, பொய்க்குச் சர்வேசுரனையே ஜாமீன் கேட்பது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாயச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு ஏழாண்டுவரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால் தண்டனைக்குத் தப்பினாலும் காரியம் முடியவில்லை. உங்கள் சாட்சியால் ஒரு ஏழை தன் காணி நிலத்தை இழந்தால், பாவசங்கீர்த்தனம் செய்தால் மாத்திரம் போதாது. அந்த நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

நமது மதுரைக்கு அருகே அழகர்கோவிலில், பதினெட்டாம்படிக் கருப்பர் வாசலில் சத்தியம் செய்து வழக்குத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் பெயர்பெற்றது. கோர்ட்டில் துணிந்து பொய் சொல்லுகிறவன்கூட அந்த வாசலில் நாக்குக் குழறி நின்றுவிடுவான் என்று ஊரார் சொல்வார்கள். நமது அயலாருக்குள்ள அந்தப் பயம், வேதாகமத்தைக் கையில் வைத்து ஆணையிடும் நமக்கு இல்லாமற் போனால், அது நமக்கு எவ்வளவு வெட்கம்!

கேள்வி: அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைச் சண்டை. "இனி உன் வீட்டுப் படியை மிதித்தால் நான் மனிதனல்ல, மாதா மேல் ஆணை" என்று சொல்லிவிட்டேன். இப்போது அண்ணன் மகளுக்குக் கலியாணம். போக ஆசை, ஆணையை மீறினால் தெய்வக்குற்றம் ஆகுமே என்று பயம். என்ன செய்வது?

பதில்: தாராளமாய்ப் போங்கள். பாவமான காரியத்துக்குச் செய்த ஆணை ஒருவனையும் கட்டாது. ஏரோது அரசன் விருந்தில் ஆணையிட்டான். அந்த ஆணையைக் காக்கிறேன் என்று ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டுவித்தான். ஆணையிட்டது ஒரு பாவம். அதை நிறைவேற்றியது அதைவிடப் பெரிய பாவம். பகையை வளர்க்க மாதாவின் பெயரை எடுத்தீர்களே, அதற்காக மனஸ்தாபப்படுங்கள். கலியாண வீட்டுக்கு முன்னதாகவே போய் அண்ணனையும் மதினியையும் பார்த்துப் பேசுங்கள். நமது பங்கில் இப்படிப்பட்ட ஆணையைச் சாக்காக வைத்து வருஷக்கணக்காய்ப் பேசாமலிருக்கும் வீடுகள் இருந்தால், இந்த வாரமே கதவு திறக்கட்டும்.

பெயரைப் போர்வையாக்குதல்

இதுவரை நாவைப் பற்றிச் சொன்னோம். இப்போது கனமான பகுதிக்கு வருவோம். அநியாயத்தின்மேல் சர்வேசுரனுடைய பெயரைப் போர்வையாய்ப் போடுவதும் இந்தக் கற்பனைக்கு விரோதமான பாவம். 1992-ல் திருச்சபை வெளியிட்ட ஞானோபதேச நூல், குற்றச் செயல்களை மறைக்கவும் ஜனங்களை அடிமைப்படுத்தவும் கொல்லவும் கடவுளின் பெயரை உபயோகிப்பதைத் தேவதூஷணத்தோடு சேர்த்தே கண்டிக்கிறது. 2019 பெப்ருவரி 4-ம் நாள் அபுதாபியில் பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸும் அல்-அசார் தலைமை இமாமும் சேர்ந்து கையெழுத்திட்ட பத்திரத்திலும், கொலைக்கும் கொடுமைக்கும் கடவுளின் பெயரை எடுப்பதை நிறுத்துங்கள் என்று உலகத்தாரைக் கேட்டுக்கொண்டார்கள்.

இது தூரதேசத்துக் காரியம் என்று நினைக்க வேண்டாம். கடைக்கு அர்ச்சியசிஷ்டவர் பெயரை வைத்து, உள்ளே எடையில் குறைக்கிறவர் என்ன செய்கிறார்? "நானும் கோவிலுக்கு வருகிறவன்தானே, நம்புங்கள்" என்று சொல்லிச் சீட்டுப் பணம் பிடித்து ஏமாற்றுகிறவர் என்ன செய்கிறார்? காணிக்கை கொடுத்தால் வியாதி தீரும் என்று சுகமளிக்கும் கூட்டம் போட்டு ஏழைகளிடம் பணம் பறிக்கிறவர் என்ன செய்கிறார்? திருநாமத்தைக் காட்டித் திருடுகிறார்கள். களவு ஒன்று, திருநாமத்தைக் கெடுத்தது மற்றொன்று.

வடக்கன்குளம் நமக்குச் சொல்லும் பாடம்

நமது பழைய மதுரை மிஷனைச் சேர்ந்த ஊர் ஒன்றின் சரித்திரத்தைக் கேளுங்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர் இருக்கிறது. 1745 மே 14-ம் நாள் அந்த ஊரில் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகஸ்தர் சேசுசபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற வேதாகமப் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று அவருக்கு இட்டார்கள்; தேவனே சகாயம் என்பது அதன் பொருள். பெயரிலேயே தேவனைச் சுமந்த அவர், எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றிப் பழகினார். 1749-ல் பிடிபட்டார், பல பாடுகள் பட்டார், 1752 ஜனவரி 14-ம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவர் வரிசையில் சேர்த்தார். அப்போது அவர் பெயரோடு முன்பு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்ற பெயரே விளங்கிற்று.

அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே என்ன நடந்தது? பழைய மிஷனில் சாதி வழக்கங்கள் உலக மரியாதைதானே என்று பொறுத்துக்கொள்ளப்பட்டன. பொறுக்கப்பட்டது நாளடைவில் சுவராயிற்று. பீடம் ஒன்றாக இருக்க, ஜனங்கள் நிற்கும் இடம் இரண்டாகப் பிரிந்த கோவில் அங்கே கட்டப்பட்டது. மேற்சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். ஒரே அப்பத்தை நோக்கி முழந்தாட்படியிட்ட இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்க்கவொட்டாதபடி நடுவே சுவர். இரண்டு பக்கத்திலும் பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் பெயராலேயே சிலுவை அடையாளம் வரைந்தார்கள்.

1910-ம் ஆண்டு அங்கிருந்த சேசுசபைக் குருவானவர் கௌசானல் சுவாமிகள் அந்தச் சுவரை இடித்தார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்களா? இல்லை. தங்கள் தனியிடம் போயிற்று என்று மேற்சாதியாரில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதியின் பேரால் தனியிடம் கேட்கும் உரிமை அங்கே ஏற்கப்படவில்லை.

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். அந்த ஜனங்கள் திருநாமத்தை வாயினாலே தூஷித்தவர்கள் அல்லர். காலை மாலை செபம் சொன்னவர்கள், திருநாட்களைக் கொண்டாடியவர்கள், நேர்ச்சை செலுத்தியவர்கள். ஆனாலும் எல்லாருக்கும் பிதாவானவருடைய வீட்டில், அவருடைய பெயராலேயே, அவருடைய பிள்ளைகளைப் பிரித்து வைத்தார்கள். திருநாமத்தைச் சுமந்தார்கள், வீணாய்ச் சுமந்தார்கள்.

அந்தச் சுவர் விழுந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனதிலுள்ள சுவர்? 2003 நவம்பர் 17-ம் நாள், நமது மதுரை மாகாணத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டு மேற்றிராணியார்கள் உரோமாபுரிக்குப் போயிருந்தபோது, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவர்களுக்குச் சொன்ன புத்தி இதுவே: கிறிஸ்தவர்களுக்குள் சாதி வேற்றுமையின் சாயலாவது இருந்தால், அது மெய்யான மனித ஒற்றுமைக்கு எதிரான அடையாளம், மெய்யான ஞான வாழ்வுக்கு ஆபத்து, சுவிசேஷப் பணிக்குப் பெருந்தடை. 2016 டிசம்பரில் இந்திய மேற்றிராணியார் பேரவையும், திருச்சபைக்குள் இந்த வேற்றுமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதை நீக்குவதற்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

மேற்றிராணியார்கள் ஒப்புக்கொண்டதை வீட்டில் நாமும் ஒப்புக்கொள்ளலாமே. கலியாணப் பேச்சு வரும்போது முதலில் கேட்கிற கேள்வி எது? அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் நடந்தால் காப்பி குடிக்காமல் எழுந்து போகிறோம்? சாவு வீட்டுக்குப் போவதிலும், பாடை தூக்குவதிலும் யாரைத் தள்ளி வைக்கிறோம்? சர்வேசுரனுடைய நாமம் உங்களாலே புறத்தாருக்குள்ளே தூஷிக்கப்படுகிறது என்ற கருத்தை அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதியபோது, விக்கிரகம் வணங்கியவர்களை நோக்கி எழுதவில்லை. வேதம் அறிந்தவர்களை நோக்கியே எழுதினார்.

இந்த வாரத்துக்கு

ஞானஸ்நானத்தில் நமக்கும் ஒரு பெயர் இட்டார்கள். கிறிஸ்துவின் பெயரால் கிறிஸ்தவன் என்ற பட்டமும் தந்தார்கள். ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் நம்மோடு நிற்கிறவரும், மில்லிலும் ஆபீஸிலும் நம்மோடு வேலை செய்கிறவரும் வேதாகமத்தைத் திறந்து பார்ப்பதில்லை, நம்மைத்தான் பார்க்கிறார்கள். சேசுநாதர் எப்படிப்பட்டவர் என்பதை நமது பேச்சையும் கணக்கையும் கொண்டு தீர்மானிக்கிறார்கள். ஆகையால்:

1. "சத்தியமாய்", "சாமி மேல் ஆணை", "பிள்ளை மேல் ஆணை" என்ற சொற்களை வீட்டில் யாரும் இந்த வாரம் சொல்லாதிருக்கட்டும். தவறிச் சொன்னவரைப் பிள்ளைகள் நினைவுபடுத்தலாம். பெரியவர்கள் கோபிக்க வேண்டாம்.

2. செலுத்தாத நேர்ச்சை உண்டா என்று தாய் தகப்பன்மார் யோசித்துப் பார்க்கட்டும்.

3. பகைக்காகச் செய்த ஆணையை முறித்துச் சமாதானம் செய்யட்டும்.

4. பொய்ச்சாட்சியாலோ, கள்ளக் கணக்காலோ பிறருக்கு நஷ்டம் செய்தவர்கள் ஈடுசெய்யத் தொடங்கட்டும்.

5. இதுவரை ஒரு காரணமும் இல்லாமல் நாம் உள்ளே கால் வைக்காத பங்கு வீடு ஒன்று இருந்தால், அங்கே போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீராவது வாங்கிக் குடிக்கட்டும்.

தேவநற்கருணை ஆசீர்வாதத்தின்போது நாம் சொல்லும் புகழ்ச்சி மாலை எப்படித் தோன்றியது தெரியுமா? 1797-ல் சேசுசபைக் குருவாகிய பெலீசி சுவாமிகள், தேவதூஷணங்களுக்குப் பரிகாரமாக அதை ஏற்படுத்தினார். அடுத்த முறை அதைச் சொல்லும்போது பிறருடைய தூஷணத்துக்கு மாத்திரமல்ல, நமது நடத்தையால் திருநாமத்துக்கு வந்த நிந்தைக்கும் பரிகாரமாகச் சொல்லுவோம்.

நமது ஆண்டவர் கற்பித்த செபத்தில் முதல் மன்றாட்டே பிதாவின் நாமம் அர்ச்சிக்கப்பட வேண்டும் என்பது. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கும் முன்னே அதைக் கேட்கிறோம். வாயினாலே கேட்பதை வாழ்க்கையினாலும் கேட்கும் வரத்தை, அர்ச். தேவசகாயத்தின் மன்றாட்டினாலே சர்வேசுரன் நமது குடும்பங்கள் அனைத்துக்கும் தந்தருள்வாராக.